ரெக்கார்டு சேஞ்சர் பழுது: கேள்வி பதில்

கேள்வி: சார், அடுக்கி வைத்த ரெக்கார்டுகளை ஒவ்வொன்றாகத் தானே மாற்றிப் போடும் என் சேஞ்சரில், பாட்டு முடிந்த பிறகும் ஊசி தாங்கும் கை எழும்பாமல் ரெக்கார்டின் கடைசிக் காடியிலேயே (பள்ளத்திலேயே) சுற்றுகிறது. பாட்டை நிறுத்தி அடுத்த ரெக்கார்டுக்கு மாற்றும் ரிஜெக்ட் லீவரைத் தட்டினால் ஒழுங்காக மாறுகிறது. எந்த பாகம் போயிருக்கும்?

பதில்: பெரும்பாலும் எதுவும் போயிருக்காது, பழைய கிரீஸ் இறுகியிருக்கும். பாட்டு ஓடும்போது கை சுற்றுக்கு மயிரிழை அளவுதான் உள்ளே நகரும். சுழல்தட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் புடைப்பு, மாற்றத்தைத் தொடங்கிவைக்கும் ட்ரிப் நாக்கை ஒவ்வொரு சுற்றிலும் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடும். கடைசிக் காடியில் கை சடாரென்று உள்ளே போவதால் நாக்கு புடைப்பின் வழியில் ஆழமாக நுழைந்துவிடும். இந்த முறை புடைப்பு அதைத் தள்ளாது, பிடித்து இழுக்கும். அப்போதுதான் ரெக்கார்டு மாற்றும் வேலையை நடத்தும் பெரிய பற்சக்கரம் திரும்பத் தொடங்கும். அந்தச் சக்கரத்தில் ஓரிடத்தில் பல்லே இருக்காது. பாட்டு ஓடும் நேரமெல்லாம் அந்த வெற்றிடம்தான் சுழல்தட்டின் பல்லுக்கு எதிரே நிற்கும்.

இத்தனையும் நடப்பது ஊசியின் மெல்லிய இழுப்பில். நாக்கின் அச்சில் துளி பிசுக்கு இருந்தாலும் போதும், நின்றுவிடும். கிளிப்பைக் கழற்றி, நாக்கையும் அச்சையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பளிச்சென்று துடையுங்கள். விரலால் தொட்டதும் தடையில்லாமல் ஆட வேண்டும். அங்கே எண்ணெய் விடவே கூடாது. தகட்டை வளைத்துச் சரிசெய்யவும் வேண்டாம். நல்ல மெஷின்கள் பல வீணானது அப்படித்தான். அப்புறம் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுழல்தட்டைக் கையால் சுற்றி ஒரு முழு மாற்றத்தையும் நிதானமாகப் பாருங்கள்.

கேள்வி: நாலைந்து ரெக்கார்டு அடுக்கினால் பாட்டு இழுவையாகிறது. மோட்டார் மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். மோட்டார் அச்சுக்கும் சுழல்தட்டுக்கும் நடுவே இருக்கும் ஐட்லர் சக்கரத்தின் ரப்பர் கெட்டித்து வழவழப்பாகியிருக்கும். ஓரத்தை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அது தொடும் பரப்புகளை ஆல்கஹாலால் துடையுங்கள். பிறகும் இழுத்தால் மோட்டார் அச்சைத் தாங்கும் வெண்கல வளையம் (புஷ்) வறண்டிருக்கும். அது எண்ணெயை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் வகை. சுத்தம் செய்து மெல்லிய மெஷின் எண்ணெயில் ஊறவைத்தால் உயிர் வந்துவிடும்.

கேள்வி: ஊசி ரெக்கார்டின் ஓரத்துக்கு வெளியே விழுகிறது.

பதில்: கையின் அடிப்பகுதியிலோ அருகிலோ இறங்கும் இடத்துக்கான திருகு இருக்கும். கால் சுற்றாகத் திருப்பிப் பாருங்கள். 12 அங்குல ரெக்கார்டுக்குச் சரியானால் மற்ற அளவுகளும் பெரும்பாலும் கூடவே சரியாகிவிடும்.

கேள்வி: என்னிடம் இருப்பது டூயல் 1219 என்ற ஜெர்மன் சேஞ்சர். கை எழும்புகிறது, ஆனால் ரெக்கார்டு பக்கம் நகர மறுக்கிறது.

பதில்: உள்ளே கையை நகர்த்தும் தகட்டின் நுனியில் ஒரு குட்டி ரப்பர் தொப்பி உண்டு. ஜெர்மன்காரர்கள் அதை ‘ஸ்டோயர்பிம்பெல்’ என்பார்கள். டூயல் சேஞ்சர்களில் காலப்போக்கில் அது உதிர்ந்துபோவது சகஜம். மாற்று வாங்கலாம், மெல்லிய சிலிக்கான் குழாயில் துண்டு வெட்டிப் பொருத்தினாலும் வேலை நடக்கும்.

கேள்வி: அமெரிக்காவில் செய்த சேஞ்சர். 230 வோல்ட்டை 115 ஆக்க டிரான்ஸ்பார்மர் போட்டும் பாட்டு மந்தமாகவே இருக்கிறது.

பதில்: டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை, அதாவது ஹெர்ட்ஸை, மாற்றாது. அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் நம் ஊர் 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது நிமிடத்துக்கு 33⅓ சுற்று 28-க்குக் கீழே இறங்கிவிடும். அதே மாடலின் 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியை (மோட்டார் அச்சில் மாட்டும் உருளை) தேடிப் போடுவதுதான் வழி. மோட்டார் சூடாகிறதா என்றும் தொட்டுப் பாருங்கள்; குறைந்த ஹெர்ட்ஸில் அது கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். பெட்டியைத் திறக்கிற கையோடு, பவர் சுவிட்சுக்குக் குறுக்கே இருக்கும் பழைய காகித கெபாசிட்டரையும் எக்ஸ்2 என்ற பாதுகாப்பான வகைக்கு மாற்றிவிடுங்கள். அது கசிந்தால் சுவிட்சை அணைத்தாலும் மோட்டாருக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.