பியானோ மரம் பதித்த டொயோட்டா

கேள்வி: டொயோட்டா 2000ஜிடி என்ற பழைய காருக்கு ஏன் இத்தனை விலை? வாங்கி வைத்தால் லாபம் வருமா?

பதில்: 1967 முதல் 1970 வரை செய்தது மொத்தமே 351 வண்டிதான். கட்டிக்கொடுத்தது யமஹா. டேஷ்போர்டு மரம்கூட அவர்களுடைய இசைக்கருவிப் பிரிவு இழைத்தது. எனக்கு எஞ்சினைவிட அதன்மேல்தான் கண்! 2013-ல் ஒன்று ஏலத்தில் 11 லட்சம் டாலரைத் தாண்டியது. 2022-ல் இன்னொன்று 25 லட்சத்துக்கும் மேலே போனது. ஆனால் அது அமெரிக்க ரேஸ் கார் தயாரிப்பாளர் கரோல் ஷெல்பியின் அணி ரேஸில் ஓட்டிய வண்டி. அதை வைத்து மற்றவற்றுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

லாபத்தை இன்சூரன்ஸ், ஷெட், மெக்கானிக் கூலி எல்லாம் கழித்துவிட்டுப் பாருங்கள். 2020-லிருந்து சில உதிரி பாகங்களை டொயோட்டாவே மறுபடி செய்து தருகிறது, அந்த மட்டில் ஆறுதல். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத, அதாவது தொழிற்சாலையில் பொருத்திய எஞ்சின் இல்லாத வண்டி என்றால், பாதி விலை சொன்னாலும் நான் தொடமாட்டேன்.