சங்கீதத்துல காது, எபிரெயர்ல சரீரம்... எந்த பைபிள் தப்பு?

கேள்வி: சண்டே ஸ்கூல் எடுக்குறேன். சங்கீதம் 40:6ல "என் செவிகளைத் திறந்தீர்"னு இருக்கு. அதே வசனம் எபிரெயர் 10:5ல "ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்"னு வருது. பசங்ககிட்ட என்ன சொல்றது? எபிரேய மொழி ஆன்லைன் கோர்ஸ்ல சேந்தா புரியும்னு ஒருத்தர் சொல்றாரு, சேரலாமா?

பதில்: சிஸ்டர், உங்க பைபிள்ல தப்பு இல்ல, மொதல்ல பணத்த கட்டிடாதீங்க.

நம்ம பழைய ஏற்பாடு எபிரேயத்துல இருந்து வந்தது. புதிய ஏற்பாட்டுல இருக்குற எபிரெயர் நிருபத்த எழுதுனவரு எடுத்துக்காட்டுறது கிரேக்க சங்கீதத்த. எகிப்துல அலெக்சாந்திரியாவுல இருந்த யூதர்கள் கிரேக்கம்தான் பேசுனாங்க, அவங்களுக்காக இயேசுவுக்கு இருநூறு முன்னூறு வருஷம் முன்னாடியே யூதர்களே மோசேயோட அஞ்சு புஸ்தகத்த மொழிபெயர்த்து அப்புறம் மத்ததையும் ஒவ்வொண்ணா முடிச்சாங்க, அதத்தான் செப்டுவஜின்ட்னு சொல்றோம். எபிரேயத்துல அந்த எடம் வார்த்தைக்கு வார்த்தை "எனக்கு காதுகளைத் தோண்டினீர்". கிரேக்கம் படிக்கிறவனுக்கு அது என்ன புரியும்? அதனால கேக்குற காதுக்கு பதிலா கீழ்ப்படியுற முழு ஒடம்பையே போட்டுட்டாங்கன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க.

இப்ப யோசிங்க, "சரீரம்"ங்கிற வார்த்தை எபிரேயத்துல அந்த எடத்துலயே இல்ல. எபிரேய எழுத்து மட்டும் சொல்லிக்குடுக்குற கோர்ஸ் இதுக்கு எப்படி விடை குடுக்கும்? நாலு எழுத்த காட்டி "ரகசிய அர்த்தம்"னு ஆயிரக்கணக்குல வாங்குறவங்ககிட்ட ஜாக்கிரதையா இருங்க. அதவிட மோசம், "யூதர்கள் பைபிள திருத்திட்டாங்க"னு சுத்துற வாட்ஸ்அப் மெசேஜ். 1947ல சாக்கடல் பக்கத்துல கும்ரான் குகையில கெடச்ச ஏசாயா சுருள் இயேசுவுக்கு முந்தினது, 24 அடி நீளம், 66 அதிகாரமும் இருக்கு, இன்னிக்கு இருக்குற எபிரேய ஏசாயாவோட பெரும்பாலும் ஒத்துப்போகுது. தயவுசெஞ்சு அந்த மெசேஜ ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

ஆனா புதிய ஏற்பாடு எப்பவுமே கிரேக்கத்ததான் எடுக்கும்னு பசங்களுக்கு சொல்லிடாதீங்க. ஓசியா 11:1 பாருங்க, "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்". செப்டுவஜின்ட்ல அங்க "அவனுடைய பிள்ளைகளை"னு பன்மையில இருக்கு. பிள்ளைய தூக்கிட்டு யோசேப்பு எகிப்துக்கு ஓடுனத சொல்ற மத்தேயுவுக்கு பன்மை சரிப்படாது, 2:15ல எபிரேயத்துல இருக்குற மாதிரி "குமாரன்"னே போட்டாரு. அதே சுவிசேஷத்துல 1:23ல ஏசாயா 7:14ஐ எடுக்குறப்ப, எபிரேயத்துல "இளம்பெண்"னு இருக்குறதுக்கு "கன்னிகை"னு கிரேக்கம், அடுத்த அதிகாரத்துலயே எபிரேயம்!

இதெல்லாம் போதகர் ஆகுறதுக்கு படிக்கிற செமினரியில ஆரம்பத்துலயே நடத்துற பாடம். படிச்சுட்டு வர்றவங்க பிரசங்க மேடையில ஒரு தடவ சொன்னா என்ன கொறஞ்சுடும்? வசனத்துக்கு கீழ ஒரு வரி அடிக்குறிப்பு போட்டா நீங்க இப்படி அலைய வேண்டியதே இல்ல.

வர்ற ஞாயித்துக்கெழம போர்டுல ரெண்டு வசனத்தையும் மேல கீழ எழுதி, நடுவுல ஒரு அம்புக்குறி போட்டு "யூதர்களோட கிரேக்க மொழிபெயர்ப்பு"னு எழுதுங்க. பத்து வயசு பையனுக்கு அது போதும்.