வேலையால் வந்ததும் போனுக்குள் விழுந்துவிடுகிறேன். இந்தப் பழக்கத்தை எப்படி மாற்றுவது?

கொழும்பில், வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கோட்டையில் வேலை செய்கிறீர்கள். ஆறரைக்குக் கட்டிலில் சாய்ந்தால் நள்ளிரவுவரை ரீல்ஸ். ஆப்பை அழித்தாலும் மூன்றாம் நாள் திரும்பப் போட்டுவிடுகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அழித்த இடத்தில் நீங்கள் வேறொன்றையும் வைக்கவில்லை, அதுதான் பிழை விட்ட இடம். பஸ்ஸில் நின்று களைத்துவந்த உடம்புக்கு அந்த நேரத்தில் ஏதோவொரு ஆறுதல் வேண்டும். ரீல்ஸ் அதை உடனே தருகிறது. அடுத்தது எப்படியிருக்கும் என்று தெரியாததால் விரலும் நிற்காது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுக்காகச் செய்யும் பழக்கம் லேசில் விடாது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்தே காட்டிவிட்டார். மூளையில் சுரக்கும் டோபமினும் இன்பத்தைவிட எதிர்பார்ப்போடுதான் கூடுதலாகச் சேர்ந்தது. ரசிக்காமலே தள்ளிக்கொண்டிருப்பது அதனால்தான்.

அறைக்குள் வந்ததும் போனைக் கதவடியில் சார்ஜில் போடுங்கள், அழைப்பு மணி மட்டும் கேட்கட்டும். கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக் வேண்டவே வேண்டாம். விடிய எழும்ப மலிவான அலார மணிக்கூடு ஒன்று போதும். பிறகு சப்பாத்தைக் கழற்றாமல் மரைன் டிரைவில் 15 நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். கழற்றினால் அநேகமாகப் போகமாட்டீர்கள். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர மழை பிடித்துக்கொள்ளும். அந்த நாளுக்கான மாற்றை இன்றே முடிவுசெய்யுங்கள். பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு வீட்டாரோடு பத்து நிமிடம் கதைப்பது நல்லது.

ரீல்ஸை முழுதாக விடச் சொல்லமாட்டேன். எட்டரை முதல் ஒன்பது வரை, கதிரையில் இருந்து, அலாரம் வைத்துப் பாருங்கள். இடையில் மனம் இழுத்தால் பத்து நிமிடம் பொறுங்கள். அந்த இழுப்பு ஏறி, தானாகவே இறங்கும். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும். அந்தச் சலிப்பைப் பார்த்து ஜிம், தியானம், டயரி என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினால் எல்லாம் ஒன்றாகவே நின்றுபோகும்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக நித்திரை இல்லை, பிடித்தவற்றிலும் நாட்டமில்லை என்றால் அதைப் பழக்கம் என்று மட்டும் எடுக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு இரவிலும் எடுக்கலாம்.

எத்தனை நாள் என்று கேட்டிருந்தீர்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்ற கணக்கை நம்பவேண்டாம். லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்க ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள்வரை எடுத்தது, நடுமதிப்பு 66. இடையில் ஒருநாள் தவறியது பெரிய பாதிப்பாகவும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நடக்காவிட்டால் சனிக்கிழமை பின்னேரம் நடவுங்கள்.