லெஃபேவ்ர்: எழுத்தில் இருக்கும் 'பி' ஏன் ஒலிப்பதில்லை?

மொழிபெயர்ப்பில் வரும் 'Lefebvre' என்ற பிரெஞ்சுக் குடும்பப் பெயரை 'லெஃபெப்வ்ரே' என்று எழுதலாமா, அதன் பொருள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். 'லெஃபேவ்ர்' என்றே எழுதுங்கள். நடுவிலுள்ள 'பி' (b) ஒலிக்காது.

பொருள் கொல்லர். லத்தீன் 'ஃபாபெர்' பழைய பிரெஞ்சில் 'ஃபேவ்ர்' ஆனபோதே பேச்சில் அந்த 'பி' கரைந்துவிட்டது. பிற்கால எழுத்தர்கள் லத்தீன் வேர் தெரியட்டும் என்று ஏட்டில் மட்டும் அதைத் திரும்பச் செருகினார்கள். அப்போது 'வி' (v), 'யு' (u) இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு இல்லை. அதனால் சிலர் 'வி'யை 'யு' என்று மாற்றிப் படிக்க, 'லெஃபேப்யூர்' என்று தனிப் பெயரே பிறந்துவிட்டது! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. அந்தப் பழைய சொல், பொற்கொல்லரைக் குறிக்கும் 'ஓர்ஃபேவ்ர்' என்பதில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பிரான்ஸில் அதிகம் வழங்கும் முதல் இருபது குடும்பப் பெயர்களில் லெஃபேவ்ரும் ஒன்று. வடக்கே, பெல்ஜிய எல்லைப் பக்கம் மிக அதிகம். தெற்கே அதே வேர் 'ஃபாப்ர்' ஆகிவிடும். பூச்சிகளை ஆராய்ந்த ழான் ஆன்ரி ஃபாப்ர் அந்தப் பக்கத்துக்காரர்தான். அங்கே மட்டும் 'பி'யை விட்டுவிடாதீர்கள், அது ஒலிக்கும்.