கேபிள்காரர் போன் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

400 கேபிள் இணைப்பு இருக்கிறது. செட்டாப் பாக்ஸைத் திருப்பிக் கொடுப்பவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிராட்பேண்டோடு போனும் கொடுத்தால் வருமானம் ஏறுமா? (கோபிசெட்டிபாளையம்)

போனுக்கென்று தனியாக யாரும் காசு தரமாட்டார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததிலிருந்து பேசுவது இலவசம் என்றே ஜனங்களுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் போன் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். வெறும் இன்டர்நெட் வாங்கிய வீடு, எதிராளி ஐம்பது ரூபாய் குறைத்தால் அன்று சாயங்காலமே மாறிவிடும். 04285 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பரைப் போர்டிலும் பில் புத்தகத்திலும் மஞ்சள் பையிலும் அச்சடித்து வைத்திருக்கும் ஜவுளிக்கடை அப்படி மாறாது. செல்போன் நம்பர் மாதிரி லேண்ட்லைன் நம்பரை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக நம் நாட்டில் வழியில்லை. அதுதான் உங்களுக்குப் பிடிமானம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த நம்பர்களில் பெரும்பாலானவை பி.எஸ்.என்.எல். நம்பர்கள். அந்தப் பழைய செப்புக் கம்பி நம்பரை மாற்றாமல் அவர்களுடைய ஃபைபருக்குக் கொண்டுவரலாம், வேறு கம்பெனி ஃபைபருக்கு முடியாது. யாரோடு கூட்டு சேர்வது என்பதை இதை வைத்து முடிவு செய்யுங்கள். பஜாரில் ஒரு நடை போய், போர்டில் லேண்ட்லைன் நம்பர் இருக்கும் மருந்துக்கடை, கிளினிக், லாட்ஜ், ரைஸ் மில் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு 499 ரூபாய் பிளானில் உங்கள் பங்கு பாதி என்றால், 60 கடைக்கு மாதம் ஏறக்குறைய 15,000 ரூபாய். ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் பையனின் சம்பளமும், ரோடு தோண்டி ஃபைபர் அறுபடும் செலவும் அதற்குள்தான்.

அமெரிக்காவில் கேபிள் கம்பெனிகள் போனில் கொழித்தார்களாமே? (சேலம்)

கொழித்தார்கள். 2003-ல் நியூயார்க் வட்டாரத்தில் கேபிள்விஷன் மாதம் 34.95 டாலருக்கு நாடு முழுக்கவும் கனடாவுக்கும் அளவில்லாமல் பேசலாம் என்றது. வெளியூர்ப் பேச்சுக்கு நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்த காலம் அது. காம்காஸ்ட் 2005-ல் இறங்கி, 2009-க்குள் வீட்டு போன் சேவையில் அந்நாட்டின் மூன்றாவது பெரிய கம்பெனியாகிவிட்டது. பழைய டெலிபோன் கம்பெனிகளின் விலை உயரத்தில் இருந்ததால் வந்த லாபம் அது. நம் ஊரில் அந்த விலையே கிடையாது. அங்கேயும் வீட்டு போன் தேயத் தொடங்கிய பிறகு, 2017-ல் வெரைசான் என்ற செல்போன் கம்பெனியின் நெட்வொர்க்கில் தன் பெயரில் செல்போன் சேவை விற்க வந்துவிட்டது காம்காஸ்ட்.

இன்டர்நெட் லைசென்ஸ் இருக்கிறது. நானே சர்வர் வைத்து நம்பர் கொடுக்கலாமா? சிம் பாக்ஸ் வைத்தால் வெளிநாட்டு அழைப்பிலும் காசு பார்க்கலாம் என்கிறார் நண்பர். (காரைக்குடி)

அந்த நண்பரோடு கொஞ்சம் தள்ளியே இருங்கள். வெளிநாட்டு அழைப்பை உள்ளூர் அழைப்பு போல மாற்றிவிடும் திருட்டு எக்ஸ்சேஞ்ச் அது. போலீஸ் வீட்டுக்கே வரும். இன்டர்நெட் லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு சாதாரண போன் நம்பர் கொடுக்க முடியாது. அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஆகவே பி.எஸ்.என்.எல்., ஏர்டெல் மாதிரி அனுமதி உள்ளவர்களோடு கூட்டு சேர்வதுதான் வழி. ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் பாருங்கள்: உங்கள் பங்கு ஜி.எஸ்.டி. கழித்த தொகையிலா கழிக்காததிலா, உங்கள் தெருவில் அவர்களே நேரடியாக லைன் இழுத்தால் உங்கள் கதி என்ன.

கரண்ட் போனால் போனும் செத்துவிடுகிறது என்று சண்டைக்கு வருகிறார்கள். (கும்பகோணம்)

வரத்தான் செய்வார்கள். செப்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஃபைபரில் வெறும் வெளிச்சம்தான் வரும். மோடத்துக்கு 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை இணைப்போடு சேர்த்தே விற்றுவிடுங்கள். பிறகு போய்க் கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.

அது மட்டும் போதாது. என் மாமனார் வீட்டில் நானே யு.பி.எஸ். வாங்கி மாட்டினேன். ஒரு மழை ராத்திரி கரண்ட் போனது. மோடத்தில் பவர் விளக்கு பச்சையாக எரிகிறது, பக்கத்தில், ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் விளக்கு சிவப்பாகச் சிமிட்டுகிறது. என்னவென்று விசாரித்தால், ஆபரேட்டர் ரூமில், வீடுகளுக்கு ஃபைபர் கிளம்புகிற பெட்டியான ஓ.எல்.டி.க்கு மாட்டியிருந்த பேட்டரி எப்போதோ போய்விட்டதாம். ரூமில் இன்வெர்ட்டரும் நல்ல பேட்டரியும் இல்லாமல் போன் விற்க இறங்காதீர்கள்.

100 எம்பி பிளான் கொடுத்தும் குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. (ஓசூர்)

வேகத்தைக் கூட்டிப் பயனில்லை. ஒரு அழைப்புக்கு 100 கேபிபிஎஸ்கூட வேண்டாம். குரலைத் துண்டு துண்டாகச் சுமந்து வரும் பாக்கெட்டுகள் தாமதமாகவும் முன்பின்னாகவும் வந்து சேர்வதுதான் கோளாறு. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டைத் தாண்டினால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். குரலுக்குத் தனி வி-லேன், அதாவது அதே லைனுக்குள் தனிப் பாதை, போட்டு முன்னுரிமை கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், கடைக்காரர் வைஃபையில் ஆப் வழியாகப் பேசுகிறாரா என்றும் கேளுங்கள். அப்படியானால் மோடத்தின் பின்னால் இருக்கும் போன் போர்ட்டில் ஒரு சாதாரண போனை மாட்டிப் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.