நோட்டு ஆப் இருந்தும் பிரச்சினை தீரவில்லையா? கேள்வி பதில்

மலேசியாவின் சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் இருந்து வந்த கேள்விகளில் சில.

செம்பனை போட்டிருக்கும் அண்ணன்: கூகுள் கீப்பில் எல்லாம் எழுதுகிறேன் தம்பி, ஆனால் மரம் ஏன் மஞ்சளடிக்கிறது என்று பிடிபடவில்லை.

அண்ணே, நீங்கள் அனுப்பிய படத்தில் "3ஆம் வரிசை மஞ்சள், உரம் போடணும்" என்றுதான் இருக்கிறது. அது ஞாபகத்துக்குச் சரி, யோசிக்க உதவாது. பார்த்தது, சந்தேகம், செய்து பார்த்தது, இந்த மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள். மஞ்சள் பழைய மட்டையிலா, இளசிலா? பழைய மட்டையில் வெயில் படும் இலை மஞ்சளாகி, நிழலில் மறைந்த இலை பச்சையாகவே இருந்தால் மெக்னீசியம் குறைவு என்று சந்தேகப்படலாம். அடிமரத்தில் காளான் தெரிந்து, குருத்துகள் விரியாமல் நின்றால் கனோடெர்மா என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம், அது உரத்தால் தீராது. மர எண்ணோடு படம் எடுத்து ஒட்டுங்கள், உரம் போட்ட சில மாதம் கழித்து அதே மரத்தை அதே பக்கமிருந்து எடுங்கள். "உரம் போடணும்" என்று முதலிலேயே முடிவை எழுதிவிட்டதால்தான் வேறு காரணமே உங்கள் கண்ணில் படவில்லை.

படிவம் 5 மாணவி: குறிப்பெழுத எந்த ஆப் நல்லது, நோஷனா, ஒன்நோட்டா அண்ணா?

கையில் இருப்பதே போதும் தங்கச்சி. கூடுதல் கணிதத்தில் விடையைப் படம் பிடித்துச் சேர்க்காதே, எந்த வரியில் மாட்டினாய், அங்கே என்ன நினைத்தாய் என்று உன் சொல்லில் எழுது. மனம் ஒரே நேரத்தில் நாலைந்து விஷயத்தைத்தான் தாங்கும், மற்றதைத் திரையில் இறக்கி வைத்தால்தான் யோசிக்க இடம் கிடைக்கும்.

மோட்டார் சைக்கிள் பட்டறைத் தம்பி: குறிப்புகளுக்குள் லிங்க் எதற்கு?

ஜெர்மன் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் ஏறத்தாழ 90,000 காகிதச் சீட்டுகளை எண் போட்டு ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தார், புத்தகங்களை அதிலிருந்துதான் எழுதினார். அப்சிடியன் என்ற நோட்டு ஆப்பில் [[ ]] என்ற இரட்டைச் சதுர அடைப்புக்குள் இன்னொரு குறிப்பின் தலைப்பை எழுதினால் அதே வேலை நடக்கும். "சூடானால் நின்றுவிடுகிறது" என்று ஒரு குறிப்பு வைத்து, அப்படி வரும் ஒவ்வொரு மோட்டாரையும் அதோடு கோத்துவிடு. எதில் இக்னிஷன் காயில் (coil) கோளாறு, எதில் கார்புரேட்டர் கோளாறு என்பது வரிசையாகத் தெரியும், அடுத்த வண்டியில் எங்கே கை வைப்பது என்று நீயே முடிவு செய்வாய்.

ஓர் அக்கா: தோட்டத்துக்குள் இன்டர்நெட் லைன் கிடைக்காதே?

அப்சிடியன் குறிப்பெல்லாம் கைப்பேசியிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும், லைன் வேண்டாம் அக்கா. வாரம் ஒருமுறை வேறோர் இடத்தில் நகல் மட்டும் எடுத்து வையுங்கள்.