வாசகர் கேள்வி–பதில்: காசில் ஏறிய முகம்

கேள்வி: உயிரோடிருக்கும் ஆட்சியாளரின் முகத்தை நாணயத்தில் பொறிக்கும் வழக்கம் ரோமில் எப்போது தொடங்கியது? சாதாரண மக்கள் அதைக் கவனித்திருப்பார்களா?

பதில்: தெய்வங்களும் முன்னோர்களும் மட்டுமே இடம்பெற்றுவந்த ரோம நகரத்து நாணயங்களில், கி.மு. 44இன் தொடக்கத்தில் செனட் சபையின் அனுமதியோடு ஜூலியஸ் சீசரின் முகம் பொறிக்கப்பட்டது. மன்னர் என்ற பேச்சையே வெறுத்த குடியரசில் இது சிறிய செய்தியன்று. அதே ஆண்டு மார்ச் 15 அன்று அவர் கொல்லப்பட்டார்.

வேடிக்கை என்னவென்றால், கொலையாளிகளுள் முதன்மையானவரான புரூட்டஸ், கி.மு. 42 வாக்கில் தம் படையோடு சென்ற நாணயச்சாலையில் அடித்த தெனாரியஸ் என்ற ரோம வெள்ளி நாணயத்தின் ஒரு பக்கத்தில் தம் முகத்தையே பொறித்துக்கொண்டார். மறுபக்கத்தில் இரு குறுவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே அந்த மார்ச் நாளைக் குறிக்கும் எழுத்துகள். படைவீரர்களின் ஊதியமாகக் கைமாறிய காசு என்பதால், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் குறுவாளின் பொருள் விளங்கியிருக்கும்.

மக்கள் கவனித்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று பிற்காலத்தில் கிடைக்கிறது: கி.பி. 211இல் ரோமை இணைந்து ஆண்ட பேரரசர்களுள் ஒருவரான கெட்டாவை, மற்றவரான அவருடைய அண்ணன் கரகல்லா கொல்வித்து, அவர் நினைவையே அழிக்க ஆணையிட்டபின், சிற்றாசிய (இன்றைய துருக்கி) நகரங்களின் வெண்கலக் காசுகள் சிலவற்றில் கெட்டாவின் முகம் மட்டும் செதுக்கி நீக்கப்பட்டிருக்கிறது.